கியர்பாக்ஸ் பேன் மாற்றப்போகும் மகளுக்கு

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேனின், அதாவது கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயிலைத் தாங்கும் தட்டின், பின்பக்க மூலையில் பெயின்ட் உப்பி, அதற்கு அடியில் துரு பொடிந்திருக்கிறது. அங்கிருந்து சிவப்பாக ஒரு சொட்டு தொங்குகிறது. போல்ட்டை எல்லாம் ஒரு சுற்று இறுக்கிவிட்டால் நின்றுவிடாதா அப்பா என்று கேட்டிருக்கிறாய். நிற்காது. ஒழுகல் கூடத்தான் செய்யும், அதனால் அந்த வேலையை மட்டும் செய்துவிடாதே.

கியர்பாக்ஸ் பேன் மெல்லிய தகடு. சுற்றிலும் சின்னச் சின்ன போல்ட்கள்தான் அதைப் பிடித்திருக்கின்றன. ஒழுகுகிறதே என்று ஒவ்வொருவரும் ஒரு சுற்று இறுக்க, போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்ள தகடு மேலே ஏறிக் குழிந்துவிடும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் விளிம்பு தாழ்ந்து இடைவெளி விழும். பேனுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டும் நசுங்கி வெளியே பிதுங்கும். நான் கழற்றிப் பார்த்த ஒழுகும் பேன்களில் பெரும்பாலும் இந்தக் குழி இருக்கும். குழி மட்டும் என்றால் விளிம்பை ஒரு தட்டையான மரக்கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்கலாம். உன் பேனில் துருவே தகட்டைத் தின்றிருக்கிறது. புதுசுதான் போட வேண்டும்.

ஆனால் பேனை வாங்குவதற்கு முன்னால் ஒழுகுவது பேன்தானா என்று உறுதி செய்துகொள். கியர்பாக்ஸிலேயே தாழ்வான இடம் அது. மேலே எங்கே கசிந்தாலும் வழிந்து வந்து பேன் விளிம்பில்தான் சொட்டும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் வேறு தள்ளும். அடிப்பக்கம் முழுவதையும் துடைத்துச் சுத்தம் செய், கொஞ்ச தூரம் ஓட்டு, பிறகு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வா. கூலர் பைப் சேரும் இடம், டிப்ஸ்டிக் குழாய் உள்ளே நுழையும் இடம், கியர் லீவரின் கம்பி வந்து சேரும் ஷாஃப்ட் சீல், இந்த மூன்றும் பேனுக்கு மேலேயே இருக்கின்றன. முன்னால் எஞ்சினோடு சேரும் கூடு இருக்கிறதே, அந்த பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து வழிந்தால் அது கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) பக்கத்து சீல். அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், அது நீ தனியாகச் செய்யும் வேலை இல்லை. நிறத்தை மட்டும் நம்பாதே. ஏ.டி.எஃப். என்கிற இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பழையதானால் பழுப்பாகிவிடும். சில ஃபோர் வீல் வண்டிகளில், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏ.டி.எஃப்.தான் ஊற்றுகிறார்கள், ஒழுகுவது அதுவாகவும் இருக்கலாம்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியம். உன் வண்டி உயரமானது. தூக்காமலே அடியில் படுக்க இடமிருந்தால் தூக்காதே. தூக்கியே ஆக வேண்டுமென்றால் சமதளத்தில், சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பித் தலையை உள்ளே விடக் கூடாது. இன்னொன்று, லீவரை 'பி'-யில் போட்டுவிட்டோம், வண்டி நகராது என்று நினைக்காதே. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் நியூட்ரலில் இருந்தால் பார்க்கிங் பூட்டுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, வண்டி உருண்டுவிடும். அதை கியரில் போடு, ஹேண்ட்பிரேக்கை இழு, தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடு. இவ்வளவும் செய்தபின் வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் படு.

ஆயிலை வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கு. நன்றாக ஓட்டிய உடனே அது 80 டிகிரிக்கு மேல்கூட இருக்கும், கை வெந்துவிடும். டிரெய்ன் போல்ட் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் அகலமான தட்டை வைத்துக்கொண்டு, முன்பக்க போல்ட்களைச் சில சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, பின்பக்கத்தையும் ஓரங்களையும் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்று. பேன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மூலையை மெல்ல நெம்பினால் சாய்ந்து ஊற்றும். கண்ணாடி போட்டுக்கொள். இறங்கிய ஆயிலை அளவு போட்ட கேனில் ஊற்றி எவ்வளவு என்று குறித்துவை.

பேன் கழன்ற பிறகும் வெளியே வராமல் அடம்பிடிக்கலாம். ஃபோர் வீல் வண்டியில் ஒரு பக்கம் முன் ஷாஃப்ட், இன்னொரு பக்கம் சைலன்சர் பைப், பின்னால் கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர் என்று எல்லாம் நெருக்கி நிற்கும். முன்கூட்டியே படுத்துப் பார்த்து எது குறுக்கே வருகிறது என்று தெரிந்துகொள். கிராஸ் மெம்பரை அவிழ்க்க வேண்டி வந்தால், கியர்பாக்ஸுக்கு முதலில் தாங்கல் கொடுக்காமல் ஒரு போல்ட்டையும் தொடாதே. தாங்கலைப் பேனுக்கு அடியில் கொடுக்கக் கூடாது, தகடு உள்வாங்கும். உள்வாங்கிய பேன் ஃபில்டரின் வாயை அடைத்தால் பம்புக்கு ஆயில் கிடைக்காது.

உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதைத் துடைப்பதற்கு முன் விரலால் தொட்டுப் பார். மை போல வழவழப்பான சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலைப்படாதே, இத்தனை வருஷம் ஓடிய பெட்டியில் அது இயல்பு. விரலில் குத்துகிற இரும்புத் துணுக்கு, பித்தளை நிறத்தில் மின்னும் சில்லு, பேன் அடியில் கருப்பாக உரிந்த கிளட்ச் துகள், கருகிய வாடை, இவற்றில் ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்து. உள்ளே தேய்கிறது என்று அர்த்தம். அப்போது புதுப் பேன் போட்டு ஆயில் ஊற்றுவதற்கு முன் நாம் பேச வேண்டும்.

கடையில் கேட்கும்போது வண்டி மாடலோடு கியர்பாக்ஸ் நம்பரையும் சொல். ஒரே கியர்பாக்ஸுக்கு ஆழமான பேனும் ஆழம் குறைந்த பேனும் வந்திருக்கும், ஃபில்டரும் அதற்கேற்ப மாறும். அலுமினியத்தில் வார்த்த ஆழமான பேன் பார்க்க நன்றாக இருக்கும், துருவும் பிடிக்காது. ஆனால் கல்லும் மேடுமான பாதையில் போகிறவள் நீ. கீழே தொங்குகிற எதுவும் முதலில் அடி வாங்கும். எனக்குக் கேட்டால், கம்பெனி அளவிலேயே டிரெய்ன் போல்ட் வைத்த தகட்டுப் பேன் கிடைக்கிறதா என்று பார். காந்தத்தைப் புதுசுக்கு மாற்ற மறக்காதே. ஃபில்டரை மாற்றும்போது அதன் பழைய ஓ-ரிங் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துவிடு.

துடைக்க காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் ஒன்று, ஆயிலைத் திருப்பிவிட்டுக் கியர் மாற்றும் வால்வ் பாடிக்குள் போனால் போதும், கெடுத்துவிடும். நூல் பிரியாத துணியை எடு. பேன் போய்ச் சேரும் கியர்பாக்ஸ் முகம் அலுமினியம், பழைய கேஸ்கெட்டை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டு. சில கியர்பாக்ஸில் கேஸ்கெட்டே கிடையாது, கம்பெனியே சீலன்ட் தடவித்தான் அனுப்புகிறது. அந்த வகை என்றால் கம்பெனி சொன்ன சீலன்டை மெல்லிய கோடாக இழு. கேஸ்கெட் உள்ள வகை என்றால் அப்படியே உலர்வாகப் போடு. மேலே சிலிகான் அப்பினால் பிதுங்கி உள்ளே உதிர்ந்து ஃபில்டரில் போய் நிற்கும்.

எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்று. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, இரண்டு மூன்று தடவையாக இறுக்கு. பெரும்பாலான வண்டிகளுக்கு 7-லிருந்து 17 நியூட்டன் மீட்டருக்குள்தான் சொல்லியிருப்பார்கள். சக்கர நட்டுக்கு 100-க்கு மேல் கொடுக்கிற கைக்கு இது இறுக்கினதாகவே தெரியாது. கைக்கணக்கு வேண்டாம், சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கு. பெட்டி அலுமினியம், மரை போனால் பேன் வேலை பெரிய வேலையாகிவிடும்.

ஆயில் எந்த வகை என்று டிப்ஸ்டிக்கிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். டெக்ஸ்ரான், மெர்கான், ஏ.டி.எஃப். +4, டைப் டி-4 எல்லாமே சிவப்புதான், ஒன்றுக்கு ஒன்று மாற்றி ஊற்றக் கூடாது. புத்தகத்தில் போட்டிருக்கிற மொத்த அளவையும் ஊற்றிவிடாதே. ஒரு பெரும்பங்கு கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கிறது, கீழே இறங்கியிருக்காது. இறங்கிய அளவுக்கு ஊற்று, எஞ்சினை ஓடவிடு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா கியரிலும் ஒரு சுற்று கொண்டுபோய்த் திரும்பு. ஓடவிட்டபடியே டிப்ஸ்டிக் பார். சில வண்டிகளில் 'பி'-யில் பார்க்க வேண்டும், சிலவற்றில் நியூட்ரலில். சூடேறினால் மட்டம் உயரும், அதனால் கடைசிக் கொஞ்சத்தை வண்டி நன்றாகச் சூடான பிறகுதான் சேர்க்க வேண்டும். கூடிப்போனாலும் கெடுதல், சுழலும்போது நுரைத்து அழுத்தம் விழும்.

பேன் வரும்வரை மட்டத்தைத் தினமும் பார்த்துக்கொள். லீவரைப் போட்டும் வண்டி தாமதித்து எடுத்தாலோ, மேட்டில் எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காமல் போனாலோ, ஓட்டாதே. சொட்டு சைலன்சர் பைப்பில் விழுகிறதா என்றும் பார். விழுந்தால் புகையும், தீயும் பிடிக்கலாம்.

கழற்றியதும் காந்தத்தையும் பேனின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு மூடு.

அப்பா