நம்லாக் விளக்கு ஏன் எரியவில்லை?

கோத்தகிரி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே கல்லூரி இடம் கிடைத்ததில் எல்லோரையும் விட எங்கள் அம்மாவுக்குத்தான் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை.

அண்ணன் தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குச் செய்த பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். உள்ளே இருப்பது அர்டுயினோ ஊனோதான், நாமே நிரல் எழுதி ஏற்றும் சின்ன சிப் பலகை. தோட்டக்காரர் எண்ணையும் கிலோவையும் அடித்தால் பதிவாகிவிடும். முதலில் 16 பொத்தான் கீபேடு வைத்திருந்தோம். எட்டு ஒயர், சுலபமான வேலை. ஆனால் ஈரக்கையும் கொழுந்துக் கறையும் பட்டுப் பட்டு மேல் உறை உப்பிப்போய்விட்டது. இந்த மலைக்கு அதெல்லாம் தாங்காது.

இப்போது மாட்டியிருப்பது பரணில் கிடந்த பழைய பிஎஸ்/2 கீபோர்டு, யுஎஸ்பிக்கு முன்பு வந்த வட்டத் தலை வகை. தலையில் ஆறு பின் இருந்தாலும் வேலை செய்வது நாலுதான்: 5 வோல்ட், கிரவுண்டு, டேட்டா, ஒவ்வொரு பிட்டுக்கும் தாளம் போடும் கிளாக். கிளாக் துடிப்பை அனுப்புவது நம் சிப் இல்லை, கீபோர்டு. அதற்குள்ளேயே ஒரு குட்டி சிப் இருக்கிறது. அது எப்போது பேசும் என்று நமக்குத் தெரியாது என்பதால், கிளாக் ஒயரை ஊனோவில் இன்டரப்ட் வசதியுள்ள (துடிப்பு வந்ததும் மற்ற வேலையை நிறுத்திக் கவனிக்கும்) 2ஆம் பின்னில் கொடுத்தேன். துடிப்பு கீழே இறங்கும்போதெல்லாம் டேட்டாவில் ஒரு பிட் படிக்க வேண்டும். தொடக்க பிட், எட்டு டேட்டா பிட், பிழை பார்க்கும் பாரிட்டி பிட், முடிவு பிட் என்று 11 வந்தால் ஒரு குறியீடு.

வருவது எழுத்து இல்லை, விசையின் எண். ‘ஏ’யை அழுத்தினால் ஹெக்ஸில் (பதினாறடிமான எண் முறையில்) 1சி, விட்டால் எஃப்0, பிறகு மறுபடி 1சி. இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. மேல்வரிசை ‘1’ விசைக்கு 16, வலப்பக்க எண் கட்டத்தின் ‘1’ விசைக்கு 69, இரண்டும் ஹெக்ஸில்தான். அதனால் தோட்டக்காரர் எண்ணை மேல்வரிசையிலும் கிலோவை வலப்பக்கத்திலும் அடிக்கச் சொல்லிவிட்டேன். எது எந்த எண் என்ற குழப்பமே இல்லை.

அண்ணனுக்கு ஒரே குறை, வலப்பக்க எண்கள் இயங்குவதைக் காட்டும் நம்லாக் விளக்கு எரியவில்லையாம். “கெட்டுப்போச்சுடா” என்று தினமும் புலம்பல். அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றாது. நாம் ஹெக்ஸில் ED என்ற கட்டளையையும், பதில் வந்ததும் 02 என்ற பைட்டையும் அனுப்ப வேண்டும். விளக்கு எரியாவிட்டாலும் 69 என்பது 69தான். இதைச் சொன்னால் அவர் கேட்டால்தானே!

நீ ஊனோவுக்குப் பதில் இஎஸ்பி32 பலகை வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். அது 3.3 வோல்ட் சிப். கீபோர்டின் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்காதே, நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் போடு. ஊனோவில் யுஎஸ்பி கீபோர்டை நேரடியாக மாட்ட முடியாது, ஹோஸ்ட் ஷீல்டு என்ற கூடுதல் பலகையைத் தனியாக வாங்கணும். அந்தச் செலவு எதற்கு? உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் வட்டத் தலை கீபோர்டு கண்ணில் பட்டால் எனக்கும் ஒன்று எடுத்து வை. பணம் வந்து தருகிறேன்.

உன்,
பழைய லேப் கூட்டாளி