மேடையில் இருந்தாலும் கேமரா கேமராதான்: கண்காணிப்பைப் பற்றி நாடகம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்காணிப்பு, ஊடகங்களின் எட்டிப் பார்க்கும் வெறி, மனிதத் தனிமை ஆகியவற்றைப் பல்லூடக அரங்கில் பரிசோதித்துப் பார்க்கும் நாடகக் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நாடகங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறவன் எழுதுகிறேன். பார்த்துப் பார்த்து இந்த வகை நாடகத்தின் போக்கு ஓரளவு மனப்பாடமே ஆகிவிட்டது. மேடையில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரே ஒரு ஆள். சுற்றிலும் மானிட்டர்கள், பின்னால் பெரிய திரை. கறுப்பு உடை அணிந்த ஒருவர் தோளில் கேமராவுடன் அந்த ஆளைச் சுற்றிச் சுற்றி வருவார். அவர் சாப்பிடுவதும் அழுவதும் தூங்குவதும் திரையில் பெரிதாக ஓடும். இடையில் பளபள சட்டையில் ஒரு தொகுப்பாளர் வந்து எங்களை வாக்களிக்கச் சொல்வார். கடைசியில் கேமரா எங்கள் பக்கம் திரும்பும், திரையில் நாங்கள் தெரிவோம், விளக்கு அணையும்.

அந்தக் கடைசித் திருப்பத்தைப் பற்றித்தான் இந்த மடல். அதுவரைக்கும் நீங்கள் கண்காணிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். கேமரா எங்கள்மேல் திரும்பிய நொடியிலிருந்து நீங்களே கண்காணிக்கிறீர்கள். அப்படியானால் கண்காணிக்கிறவர்களிடம் நீங்கள் எதையெல்லாம் கேட்கிறீர்களோ, அதையெல்லாம் நாங்களும் உங்களிடம் கேட்கலாம் அல்லவா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேடைக்குத் திரை வந்துவிட்டதே என்று புலம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. 1927இலேயே பெர்லினில் ஜெர்மன் நாடக இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் நாடகத்துக்குள் படச்சுருளை ஓடவிட்டார். 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாகியக் கலைஞர்கள் 'லாதெர்னா மாகிகா' என்ற பெயரில் மேடையில் நிற்கும் ஆளையும் திரையில் ஓடும் பிம்பத்தையும் சேர்த்து ஆடவைத்தார்கள். ஆக, இது நேற்று வந்த மோகம் அல்ல. தனிமையைக் காட்ட நேரலைக் கேமரா அளவுக்குப் பொருத்தமான கருவி மேடைக்குக் கிடைத்ததில்லை என்றுகூடச் சொல்வேன்.

உங்களில் சிலர் செய்கிற ஒரு காட்சி இருக்கிறது. மேடையின் இடது கோடியில் ஒருத்தி, வலது கோடியில் ஒருவன். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு கேமரா. இரண்டு பிம்பங்களையும் திரையில் சேர்க்கும்போது இருவரும் நெருங்கி உட்கார்ந்து கண்ணோடு கண் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். அவன் கையை நீட்டினால் திரையில் அவள் கன்னத்தைத் தொடுகிறான். மேடையில் அந்தக் கை காற்றில் நிற்கிறது. சினிமாவால் இதைச் செய்ய முடியாது, சினிமாவில் அந்தக் காற்று நமக்குத் தெரியவே தெரியாது. எங்கே பார்ப்பது என்று புரியாமல் மேடைக்கும் திரைக்கும் நடுவே கண் அலைகிறதே, அந்த அலைச்சலுக்காகவே உங்கள் நாடகங்களுக்கு வருகிறேன். இன்னொன்றும் உண்டு. கேமராவிலிருந்து திரைக்குப் பிம்பம் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்துகிறது. நடிகர் உதட்டை மூடிய பிறகும் திரையில் உதடு அசைகிறது. உங்கள் தொழில்நுட்பக்காரர்கள் அதைக் கோளாறு என்று சொல்லிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். தயவுசெய்து விட்டுவிடச் சொல்லுங்கள். தன் பிம்பமே தன்னோடு ஒத்துப்போகாத மனிதனைக் காட்ட வசனம் எழுதி மாளாது.

புரூஸ் நௌமன் என்ற கலைஞர் 1970இல் இதை நடிகரே இல்லாமல் செய்து காட்டினார். ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய குறுகலான நடைபாதை, அதன் கோடியில் மானிட்டர். கேமரா மட்டும் நுழைவாயிலில், உயரத்தில். மானிட்டரில் தெரிவது நாம்தானா என்று பார்க்க நெருங்கிப் போகிறோம். போகப் போகக் கேமராவிலிருந்து விலகுகிறோம், பிம்பம் சிறுத்துக்கொண்டே போகிறது, அதுவும் முதுகைக் காட்டியபடி. முகம் கடைசிவரை கிடைக்காது. அதில் தொகுப்பாளரும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பார்வையாளர்மேல் கேமராவைத் திருப்புவதும் பழைய உத்திதான். 1965இல் அமெரிக்காவின் பாஸ்டனில் இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோவின் ஓபெரா (இசை நாடகம்) ஒன்றுக்கு மேடையமைத்த யோசெஃப் ஸ்வோபோதா, அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களை நேரலையில் பிடித்து மேடைத் திரைகளில் காட்டினார். பிறகு பிம்பத்தை நெகட்டிவாக மாற்றினார். வெள்ளைக்காரர்கள் திரையில் கறுப்பர்களாகத் தெரிந்தார்கள். கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அரங்கில் கூச்சல் எழுந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கேமரா திரும்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. உன் தோல் மட்டும் மாறினால் உனக்கு என்ன ஆகும் என்று அது கேட்டது.

உங்கள் கேமரா எங்களிடம் என்ன கேட்கிறது? 'நீயும் எட்டிப் பார்க்கிறவன்தானே' என்கிறது. டிக்கெட் வாங்கி, நீங்கள் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் காட்டியதைப் பார்த்தவனை எட்டிப் பார்த்தவன் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஒரு குழுவின் நாடகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சிக்கு முன்பிருந்தே அழுதுகொண்டிருந்தாள். நாடகத்துக்காக அழுதாளா, சொந்தத் துயரமா, தெரியாது. கேமரா எங்கள் வரிசைக்கு வந்தபோது அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டது. ஒப்பனை இல்லாத உண்மையான கண்ணீர் கிடைத்துவிட்டது, எந்தக் கேமராக்காரர் விடுவார்? திரை முழுக்க அவள் முகம். அவள் கையால் மூடிக்கொள்ளும்வரை கேமரா நகரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரங்கமே அண்ணாந்து திரையைப் பார்த்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. மேடையில் ஒன்றரை மணி நேரமாக நீங்கள் சொல்ல முயன்றது அந்த வரிசையில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது, நடத்தியவர்கள் நீங்கள்.

நாடகம் முடிந்து கேமராவை மடக்கிக்கொண்டிருந்தவரிடம், இதெல்லாம் பதிவாகிறதா என்று கேட்டேன். "எல்லாமே ரெக்கார்ட் ஆகும் சார், எடிட் பண்ணும்போது பார்த்துக்குவோம்" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார். அப்புறம் அந்தக் குழு வெளியிட்ட முன்னோட்டத் துணுக்கில் அவள் முகமும் இருந்தது, பின்னால் வயலின் இசையோடு.

கலைக்காகச் செய்கிறோம், எங்கள் நோக்கம் வேறு என்பீர்கள். 2014இல் பெர்லினில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். டச்சுக் கலைஞர் த்ரீஸ் ஃபெர்ஹூஃபன் பொதுச் சதுக்கம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறினார். டேட்டிங் செயலி வழியாக ஆண்களுடன் அரட்டை அடித்தார். அந்த அரட்டை பெரிய திரையில், தெருவில் போகிறவர்கள் படிக்கும்படி ஓடியது. செயலிகள் வந்த பிறகு நெருக்கம் என்ன ஆயிற்று, தனிமை என்ன ஆயிற்று என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் எதிர்முனையில் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஒரு படைப்புக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாது. படங்களை உருமாற்றித்தான் காட்டினார். அப்படியும் தன்னை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர் கொதித்துப்போனார். எதிர்ப்பு வலுத்தது, நிகழ்வைச் சில நாட்களிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தனியாக இருக்கிறவனைப் பற்றிய படைப்பு, தனியாக இருந்தவனிடமிருந்தே எடுத்துச் சாப்பிட்டது.

இதற்கு நேர் எதிராக நியூயார்க்கில் ஒரு குழு இருந்தது. 1996இல் தொடங்கிய 'சர்வைலன்ஸ் கேமரா பிளேயர்ஸ்'. சுரங்க ரயில் நிலையத்தில் ஏற்கெனவே மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராவுக்கு முன்னால் போய் நின்று நாடகம் போட்டார்கள். அந்தக் கேமராக்களுக்கு ஒலி கேட்காது என்பதால் வசனத்தை அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். பார்வையாளர், மானிட்டர் முன்னால் அலுப்போடு உட்கார்ந்திருக்கும் காவலர். அவர்கள் கேமராவை யார்மேலும் திருப்பவில்லை, தாங்களே அதன் முன்னால் போய் நின்றார்கள்.

நடிகர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். சாதாரண நாடகத்தில் நடிகருக்குப் பக்கத்திரை இருக்கிறது. காட்சி முடிந்ததும் உள்ளே போய் மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், முகத்தைக் கழற்றி வைக்கலாம். உங்கள் நாடகத்தில் பக்கத்திரைக்குப் பின்னாலும் ஒரு கேமரா நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மேடைக்கு மூன்று திரைச்சீலைகளைச் சொல்கிறது. எதை எப்போது மறைப்பது என்று அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். (பழம்பெருமை பேச ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.) மறைப்பும் நாடகக்காரரின் கருவிதான். அதை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, உடை மாற்றும் காட்சியையும் உடைந்து அழும் காட்சியையும் மூக்குநுனி நெருக்கத்தில் எடுக்கிறீர்களே, அந்தப் பதிவு இப்போது யாருடைய வன்தட்டில் இருக்கிறது? நடிகர் குழுவை விட்டுப் போன பிறகு அதை யார் பார்க்கலாம்? இதற்கு எழுத்தில் பதில் வைத்திருக்கும் குழு இருந்தால் சந்தோஷம்.

பார்க்கப்படுவது மட்டும்தான் கொடுமை என்பதுபோல நீங்கள் நாடகம் போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. 1999இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியபோது அந்த வீட்டுக்குள் யாரையும் இழுத்துப் போய் அடைக்கவில்லை. விரும்பித்தான் போனார்கள். இன்றைக்கு ஒருவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நேரலையைத் தொடங்குகிறார். பார்ப்பவர் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறது. அவரைப் பற்றிய தகவல்களை ஏதோ ஒரு சர்வர் விடாமல் சேகரிக்கிறது, ஆனால் மனிதர் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. இந்த ஆளை உங்கள் கண்ணாடி அறைக்குள் நான் இன்னும் சந்திக்கவில்லை. அங்கே எப்போதும் கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறது, யாரோ ஒருவர் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அது ஒருவகையில் சொகுசு.

இனி என் கோரிக்கைகள். கடை வாசலில்கூட 'நீங்கள் கேமராவில் பதிவாகிறீர்கள்' என்று பலகை இருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள், எதற்காக எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று சம்பந்தப்பட்டவரிடம் சொல்லச் சொல்கின்றன. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் அதைச் செய்யலாம். பார்வையாளரைக் கேமரா பிடிக்கும் என்று டிக்கெட் விற்கும்போதே சொல்லுங்கள். எங்கள் முகங்களை நேரலையில் மட்டும் காட்டுங்கள், பதிவு செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் எப்போது அழிப்பீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள், அழித்தும் விடுங்கள். விளம்பரத் துணுக்கில் எங்களைப் போட வேண்டுமானால் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். நடிகர்களுக்கும் அப்படியே. கேமராவைக் கையாள்கிறவருக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள்: முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரை விட்டு உடனே நகர வேண்டும்.

முன்கூட்டியே சொன்னால் அதிர்ச்சி போய்விடும் என்று ஒரு இயக்குநர் என்னிடம் வாதாடினார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் வரைந்த வட்டச் சிறையில், நடுக்கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது. தன்னைப் பார்க்க முடியும் என்பது மட்டும் தெரியும். அந்தத் திட்டம் வேலை செய்வதே அந்தத் தெரிதலால்தான். கேமரா எந்த நிமிடமும் வரலாம் என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் முதல் காட்சியிலிருந்தே முதுகை நிமிர்த்துவார், கொட்டாவியை அடக்குவார், எந்த இடத்தில் சிரித்தோம் என்று தன்னையே கவனிப்பார். கடைசி இரண்டு நிமிட அதிர்ச்சியை விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பதற்றம் கிடைக்கிறது. நாடகக்காரருக்கு இது நஷ்டமா?

அடுத்த நாடகத்துக்கும் வருவேன். கேமரா எட்டாத இருக்கைகள் எவை என்று டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு வரைபடம் மாட்டி வையுங்கள். நான் எப்படியும் எட்டுகிற இருக்கையைத்தான் கேட்பேன். மற்றவர்களுக்கு அந்தத் தேர்வு இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்