மினிக்காய் விளக்கு

அன்பு மகனுக்கு,

போன வாரம் பேசியபோது, "ஒன்பது டிகிரிக் கால்வாய் வழியாக வந்தோம் அப்பா, மினிக்காய் கப்பலின் திரையில் ஒரு பொட்டுபோலக் கடந்துபோனது" என்றாய். பொட்டா! உன் அம்மாவிடம் சொன்னேன், சிரித்தாள்.

குமரிக் கரையில் நம் தூத்தூரிலிருந்து நேர் மேற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் வரும் லட்சத்தீவின் தென்கோடித் தீவு அது. அதற்கு வடக்கே உள்ள கடல்வழிதான் நீ சொன்ன ஒன்பது டிகிரிக் கால்வாய். நான் சுறாத் தூண்டிலுக்குப் போன காலத்தில், மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து இடம் கண்டுபிடிப்பதெல்லாம் நம் கரை தெரியும்வரைதான். அதற்கப்பால் மினிக்காயின் கலங்கரை விளக்குதான்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும், செங்கடலிலிருந்து கொழும்புக்கு வரும் கப்பல்கள் இந்த வழியில் பெருகிவிட்டன. மினிக்காயோ மேடே இல்லாத பவழத்தீவு. இருட்டில் தென்னை தெரியாது. அலை உடையும் சத்தம் காதில் விழும்போது கப்பல் திட்டில் ஏறியிருக்கும். அதனால்தான் வெள்ளைக்காரன் 1885-இல் அங்கே விளக்கேற்றினான். செங்கல் கோபுரம். பவழமும் மணலுமான தீவில் செங்கல் சூளைக்கு மண் ஏது? கடல் தாண்டி வந்த கல். நீ நூறு மூட்டை சிமெண்டைத் தோணியில் இறக்கிப் பார்த்திருந்தால் அந்தக் கோபுரத்தைப் பொட்டு என்று சொல்லமாட்டாய்.

ஒருமுறை பேட்டரி செத்து, ஜி.பி.எஸ். கண்மூடிவிட்டது. குற்றம் என்னுடையதுதான், கரையிலேயே மாற்றியிருக்க வேண்டும். இரண்டு இரவுகள் சும்மா ஓடினோம். மூன்றாம் இரவு மேகத்தின் அடி வெளுத்து அணைந்தது, தீக்குச்சி கிழித்து ஊதியதுபோல. விளக்கு இன்னும் தொடுவானத்துக்குக் கீழேதான் இருந்தது. உன் சித்தப்பா மின்னல் என்றான். நான் வாய்க்குள் எண்ணினேன். மீண்டும் வெளுத்தது, மீண்டும் எண்ணினேன். அதே எண். மின்னலுக்கு ஏது மக்களே கணக்கு?

விடிந்து கரை சேர்ந்தபோது தீவுக்காரர்கள் பேசிய மஹல் மொழி ஒரு சொல் புரியவில்லை. அவர்கள் தந்த மாசிக் கருவாடு நன்றாகவே புரிந்தது. அம்மா இன்றும் அதைக் கேட்கிறாள். உன் கப்பல் அங்கே நிற்காது என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

அடுத்த முறை இரவில் அந்தப் பக்கம் போனால், திரையை விட்டு ஒரு நிமிடம் வெளியே வந்து நில். ஒரு வெளிச்சத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை எண்ணுகிறாய் என்று எழுது. என் எண்ணை இப்போது சொல்லமாட்டேன்.

அப்பா