சேகரித்தவர் பெயருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

வறண்ட மணல் பகுதிகளில் தேள்கொடுக்குக் குடும்பச் செடிகளைத் தேடி அலைந்த வேலை ஒருவழியாக முடிந்து, உலர்த்திய செடி ஒட்டிய கடைசித் தாளும் ஹெர்பேரியம் எனும் உலர்தாவரக் காப்பகத்தின் அலமாரிக்குள் போய்விட்டது. லேபிளில் சேகரித்தவர் என்று என் பெயர்தான் இருக்கிறது. அது பாதிக் கதை.

முதல் நன்றி ஆடு மேய்க்கும் பெரியவருக்கு. பூவைப் பார்த்ததும் பறிக்கக் குனிந்தோம். "காய் பிடிக்கட்டும், அப்புறம் வாங்க" என்றார். இந்தச் செடிகளில் பல, பூவைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். தேள்வால் மாதிரி சுருண்ட காம்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. முற்றிய காய் எத்தனை துண்டாகப் பிரிகிறது, அதன் மேல் மயிர் உண்டா என்று பார்த்தால்தான் பல இனங்கள் பிடிபடும். அவர் பேச்சைக் கேட்காமல் வந்திருந்தால் பாதித் தாள்கள் பெயரில்லாமலே கிடந்திருக்கும்.

இலை மயிரில் ஒட்டிய மணலைத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்ட மாணவிகளுக்கும் நன்றி. அந்த மணலோடு அழுத்தினால் இலையில் ஓட்டை விழும். செடி உலர, அழுத்தும் கட்டில் தினமும் காகிதம் மாற்றியதும் அவர்கள்தான். நடுவில் இரண்டு நாள் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வாங்கிக்கொண்டு மறந்துவிட்டேன். உப்பு மணலில் வளரும் குராசாவிகம் என்ற இனம் இருக்கிறதே, அதன் சதைப்பற்றான இலை லேசில் காயாது. கட்டைப் பிரித்தால் முழுக்கப் பூஞ்சணம். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; மறுபடியும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஆணிவேரைத் தோண்டக் கிளம்பிவிட்டார்கள்.

வாடும் செடியைத் தேடி வரியன் பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்ததைப் படம் எடுத்துத் தந்தவருக்கும் நன்றி. வந்தவை பெரும்பாலும் ஆண்கள். செடியில் இருக்கும் ஆல்கலாய்டு என்ற நச்சுப் பொருளை உறிஞ்சி, பெண்ணை ஈர்க்கும் மணமாக மாற்றிக்கொள்ளும் கில்லாடிகள்.

தாளில் ஒட்டியவர், உதிர்ந்த காய்த் துண்டுகளுக்கென்று ஓரத்தில் சின்னக் காகித உறை மடித்து வைத்தார். நான் கேட்கவே இல்லை. ஒரு தாளில் அந்த உறைதான் பெயரைக் காட்டிக்கொடுத்தது. தேள்கொடுக்கின் பேரினமான ஹீலியோட்ரோப்பியம் என்று நான் எழுதியிருந்ததை, பெயர்களைச் சரிபார்த்த அம்மையார் உறையைத் திறந்து பார்த்துவிட்டு யூப்ளோக்கா என்று திருத்தினார். 2003இல் வந்த டிஎன்ஏ ஆய்வுக்குப் பிறகு தனியாகப் பிரிந்த பேரினம் அது. நான்தான் பழைய பாடத்திலேயே நின்றிருக்கிறேன். என் லேபிளை அவர் அடிக்கவில்லை. முறைப்படி, பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். என் தப்பும் அங்கேயே பத்திரமாக இருக்கிறது!

பெரியவர் பெயரையும் லேபிளில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு சார்? ஆடு இதைத் தொடாதுன்னு எழுதுங்க, போதும்" என்றார். குறிப்புக் கட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.