அறிக்கையில் வராத பெயர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோ சிக்னலை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு வேகத்தில் திருப்பிக் கொடுக்கும் எலக்ட்ரான் கற்றைச் சேமிப்புக் குழாயை நாம் சேர்ந்து செய்தோம். முடிவறிக்கையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அது இத்தனை வருடமாக உறுத்துகிறது.

ரேடார் படம் வட்டமாகச் சுற்றி வரும். தொலைக்காட்சிக்கோ வரிவரியாக, நொடிக்கு 25 அல்லது 30 முழுப்படம் வேண்டும். நடுவே படத்தைத் தாங்கிப் பிடிக்க ஓர் இடம் தேவை. 1948-ல் மான்செஸ்டரில் வில்லியம்ஸ், கில்பர்ன் என்ற பொறியாளர்கள் ஒரு குழாயின் முகத்தில் 1,024 பிட்களை மின்னூட்டமாக வைத்துக் கணினியையே ஓட்டினார்கள். ஆனால் அந்த மின்னூட்டம் நொடிக்குள் கசிந்துவிடும். விடாமல் படித்து மறுபடி எழுத வேண்டும். நம் குழாயில் சிலிக்கான் தகட்டின்மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு வரிகள். படம் அவற்றில் மின்னூட்டமாகப் பதியும். படிக்கும் கற்றை ஆக்சைடில் இறங்காது. எவ்வளவு கற்றை சிலிக்கானுக்குள் போகலாம் என்பதை அந்த மின்னூட்டமே தீர்மானிக்கும். அதனால் படம் பல நிமிடம் அழியாமல் நின்றது.

திரையில் ஒருமுறை வெண்புள்ளி வந்தது. பெருக்கிதான் கெட்டுவிட்டது என்று நான் இரண்டு வாரம் சர்க்யூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அசெம்பிளி அறை அக்கா எட்டிப் பார்த்து, "படிக்கிற கற்றையைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்க தம்பி" என்றார். தள்ளினேன். திரையில் புள்ளியும் நகர்ந்தது. சரி, கோளாறு தகட்டில்தான். குழாயை அறுத்துப் பார்த்தால் ஒரு நூலிழை! அன்றோடு பருத்தி மேலங்கிகளை அந்த அறையிலிருந்து அப்புறப்படுத்தியதும் அக்காதான். அக்கா, அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

குழாயைச் சுடவைத்து இரவு முழுக்கக் காற்றை இழுத்தபோது, பம்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து அரைமணிக்கொருமுறை அழுத்தம் குறித்த தம்பிக்கும் நன்றி. மின்சாரம் போன இரவில் இருட்டில் தடவி வால்வை மூடினாயே, அதனால்தான் அந்தக் குழாய் பிழைத்தது.

அப்புறம் கண்ணாடி ஊதும் அண்ணன். கண்ணாடியை ஒட்டிய சீல் ஆறியதும் இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே பிடித்துப் பார்ப்பார். வண்ணப்பட்டை தெரிந்தால் கண்ணாடிக்குள் இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம்; ஒன்றும் பேசாமல் மறுபடி அடுப்பில் வைப்பார். அவசரப்படுத்திய எங்களிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

அண்ணே, கடைசியாகச் செய்த குழாய் என் மேசையில்தான் இருக்கிறது. காற்று புகுந்திருந்தால் உள்ளே மிச்ச வாயுவை உறிஞ்ச வைத்திருக்கும் கெட்டர் என்ற உலோகப் பூச்சு வெளுத்திருக்கும். இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன், வெள்ளிபோல மின்னுகிறது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்