அட்டவணையில் விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நிலநடுக்கங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் "ரிக்டர் அளவு கூடக்கூட உயிர்ப்பலியும் கூடும்" என்று போகிறபோக்கில் ஒரு வரி. (பெரிய நடுக்கங்களுக்கு ரிக்டர் கணக்கை நிபுணர்கள் விட்டு வெகுகாலமாகிறது, அது கிடக்கட்டும்.) பக்கத்திலேயே இருந்த அட்டவணையை நீங்களே ஒருமுறை பார்த்திருக்கலாம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0. செத்தவர்கள் லட்சத்துக்கும் மேல். அடுத்த மாதமே சிலியில் 8.8, ஆற்றலில் சுமார் 500 மடங்கு. அங்கே இறந்தவர்கள் 500 சொச்சம். சிலிக்காரர்கள் என்ன, வரம் வாங்கி வந்தவர்களா? 1960-ல் 9.5-இல் அடிபட்டவர்கள். கட்டட விதிகளை இறுக்கினார்கள், அதன்படி கட்டவும் செய்தார்கள்.

2001-ல் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு சேதம் பார்க்கப் போன பொறியாளர்களில் நானும் ஒருவன். நடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற அகமதாபாத்திலேயே அடுக்குமாடிகள் சரிந்து கிடந்தன. பலவற்றில் கீழ்த்தளத்தில் சுவரே இல்லை; கார் நிறுத்துவதற்காக வெறும் தூண்கள். அப்படி ஒரு தூணில், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி நாலு அங்குலத்துக்கு ஒன்று கட்ட வேண்டிய ரிங்கை (கம்பி வளையத்தை) ஓர் அடிக்கு ஒன்று கட்டியிருந்தார்கள். அதன் முனைக் கொக்கியை உள்ளே மடக்கவும் இல்லை. கான்கிரீட்டை விரலால் சுரண்டினால் மணல் கொட்டியது. பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை.

2023-ல் துருக்கியில் 50 ஆயிரத்துக்கும் மேல் மாண்டபோது, இடிபாட்டில் குழந்தை படத்தை அட்டையில் போட்டீர்கள். 2018 தேர்தலுக்கு முன், விதிமீறிக் கட்டியவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அந்நாட்டு அரசு மன்னிப்பு வழங்கியதைச் சுட்டிக்காட்டி அப்போதே எழுதினேன். இடமில்லை போலும். அதே இதழில் கிரகச் சேர்க்கையால்தான் பூகம்பம் என்று ஜோதிடர் ஒருவருக்கு முழுப் பக்கம் இருந்தது.

சென்ற இதழ் அட்டவணையில், பொருளிழப்பில் ஜப்பானுக்கு (2011) முதலிடம், 20,000 கோடி டாலருக்கும் மேல். சரி. ஹைட்டியோ சுமார் 800 கோடியோடு கடைசியில் கிடக்கிறது. அது அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியையே மிஞ்சிய தொகை என்பது தாங்கள் அறியாததல்ல.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த அட்டவணையில் 'கிழமை, நேரம்' என்று ஒரு கட்டம் சேருங்கள். 1993-ல் லாத்தூரில் விடியுமுன், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளுக்குள் ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 2005-ல் காஷ்மீரில் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். 2015-ல் நேபாளத்தில் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. ஜோதிடர் பக்கத்தைச் சற்றுக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்