மொட்டைமாடிக் கதவைத் திறக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பட்டம் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூட்டிக் கிடக்கும் மொட்டைமாடிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வரும் பிளம்பருக்கும் கேபிள் டிவி ஊழியருக்கும் திறக்கிற மாடிக் கதவு, கடன் வாங்கி அதே கட்டடத்தில் வீடு வாங்கியவருக்குத் திறப்பதில்லை என்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ரெரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், மொட்டைமாடி, பூங்கா, விளையாட்டிடம் ஆகியவற்றைப் பொதுப் பகுதிகள் என்றே வரையறுக்கிறது. நடைமுறையில் சாவி, சங்கச் செயலாளர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

நங்கநல்லூரில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில் சில ஆண்டுகளாக மாடித் தோட்டம் ஒன்றைக் கூட்டாக நடத்தி வருகிறோம். இதற்கு முதலில் எழுந்த எதிர்ப்பு, தளம் ஒழுகும், பாரம் தாங்காது என்பதுதான். இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. ஆட்கள் ஏறிப் புழங்கும் தளத்துக்கு இந்தியக் கட்டுமானத் தரநிலை, நிலையான எடை போக, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமையைத்தான் கணக்கில் கொள்கிறது. ஓர் அடி உயரத்துக்கு ஈர மண்ணைப் பரப்பினால் அதே இடத்தில் 500 கிலோ வரை ஏறிவிடும். ஆகவே தளத்தின் மேல் மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டுவது கூடவே கூடாது. தென்னை நார்க்கழிவும் தொழுவுரமும் சிறிது செம்மண்ணும் கலந்து நிரப்பிய பைகளை, கீழே சுவரோ உத்திரமோ ஓடும் வரிசையாகப் பார்த்து, தளத்தில் படாதபடி இரும்புத் தாங்கிகளின் மேல் இடைவெளி விட்டு வைத்தால் பாரமும் பரவும், வடியும் நீரும் தேங்காது. தொடங்குவதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து வந்து காட்டிவிடுவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கட்டணம், பிறகு சங்கக் கூட்டத்தில் நடக்கும் சண்டையைவிட மலிவானது.

இடம் கிடைத்தவுடன் பெரும்பாலான குடியிருப்புகளில் நடப்பது என்னவென்றால், ஆளுக்கு நான்கு தொட்டி என்று பிரித்துக்கொள்வதுதான். மே மாதத்தில் ஒரு குடும்பம் ஊருக்குப் போனால் அவர்களுடைய தொட்டிகள் மூன்று நாளில் கருகிவிடுகின்றன. பக்கத்துத் தொட்டிக்காரர், நமக்கேன் வம்பு என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் தொட்டியில் கவனிக்காமல் விட்ட மாவுப்பூச்சியோ எல்லார் செம்பருத்தியையும் கத்தரியையும் பதம் பார்த்துவிடுகிறது. தோட்டத்தைப் பொதுவில் வைத்து, வேலையை மட்டும் முறை போட்டுப் பகிர்ந்துகொண்டால்தான் அது நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் மாடியில் எந்தப் பைக்கும் வீட்டு எண் கிடையாது. தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியல் மின்தூக்கிக்கு அருகே ஒட்டியிருக்கிறது. வர இயலாதவர் இன்னொருவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிச் செய்ததில், யாருக்கு என்ன தெரியும் என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பூசணிக் கொடியில் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்துகொண்டிருந்தபோது, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் மென்பொருள் பொறியாளர்களும் உரத்தில் குறையா, நோயா என்று விவாதித்துக்கொண்டிருக்க, ஒடிசாவில் விவசாயம் பார்த்துவிட்டு இங்கே காவலாளியாக இருக்கும் இளைஞர் காலை ஆறரை மணிக்கு மேலே வந்து, ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே மெதுவாகத் தடவிக் காட்டினார். எங்கள் மாடிக்குத் தேனீ வரத்துக் குறைவு என்பதை அவர்தான் சொன்னார். பெண்பூவின் அடியில் குட்டிப் பூசணி போலப் புடைத்திருப்பதைக் குழந்தைகள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அதுவரை 'வாட்ச்மேன்' என்று கூப்பிட்டவர்கள் இப்போது அவரை 'அண்ணா' என்கிறார்கள். பூப்பூக்கும் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு முன்பே மாடிக்கு ஏறிவிடுகிறார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தென்சென்னைக் குடியிருப்புகளில் செடிக்குத் தண்ணீர் ஏது என்று கேட்பது நியாயமே. அரிசி, காய்கறி கழுவிய நீரும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் பெரும்பகுதித் தேவையைத் தீர்க்கின்றன. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைப் பலர் நல்லெண்ணத்தில் ஊற்றுகிறார்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள இடங்களில் அது இன்னும் அடர்ந்த உப்புநீராகவே வெளிவருவதால், பைகளில் உப்புப் பூத்து இலை நுனிகள் கருகும். அதை வாசல் கழுவப் பயன்படுத்தலாம். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தோடு டெங்குக் கொசுவையும் சேர்த்தே வளர்க்கிறோம்.

விளைச்சலைப் பங்கிடுவதில்தான் மனத்தாங்கல் வருகிறது. அரைக் கிலோ வெண்டைக்காயை இருபத்து நான்கு வீட்டுக்குப் பிரிக்க முடியாது. அந்த வாரம் முறை பார்த்தவர்களுக்குக் காய், கீரையும் கறிவேப்பிலையும் பிரண்டையும் கேட்டவர்களுக்கெல்லாம் என்று வைத்துக்கொண்டபின் பேச்சு எழவில்லை. இதில் வாடகைதாரர்களையும் சேர்த்துக்கொண்டோம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சங்கத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. பல குடியிருப்புகளில் பொங்கல் விழாவுக்குக்கூட அவர்களைச் சம்பிரதாயத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். நவராத்திரிச் சுண்டலும் குடியரசு நாள் கொடியேற்றமும் ஆண்டுக்கொரு முறை வந்துபோகும்; மற்ற நாள்களில் வாட்ஸ்அப் குழுவில் மோட்டார், பார்க்கிங் புகார்களைத் தவிர வேறு பேச்சில்லை. அன்றாடம் பத்துப் பேராவது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டுமென்றால், அதை மாடித் தோட்டம்போல் எளிதாகத் தரக்கூடியது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. 2021-22இல் அறிமுகமான முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில், விதைகள், நார்க்கழிவு நிரப்பிய 6 பைகள், உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, கையேடு ஆகியவை அடங்கிய 900 ரூபாய் மதிப்புள்ள தளை (பொருள் தொகுப்பு) 225 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. நல்ல திட்டம், ஆனால் தனிநபர் பெயரில், ஒருவருக்கு அதிகபட்சம் 2 தளைகள் என்ற அளவில் கொடுக்கப்பட்டதால், நான் மேலே சொன்ன ஆளுக்கு நான்கு தொட்டிப் போக்குக்கே அது துணை செய்தது. பதிவு பெற்ற குடியிருப்போர் சங்கங்கள் பொதுக்குழுத் தீர்மானத்துடன் விண்ணப்பித்தால், மொத்தமாகத் தளைகளையும் பந்தல் அமைக்கும் பொருள்களையும் மானியத்தில் வழங்கத் தோட்டக்கலைத் துறை வழி செய்ய வேண்டும். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய வளாகங்கள் ஈரக் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறியிருந்த நிலையில், அந்த உரத்தைப் போடுவதற்குச் செடி வேண்டாமா?

துறையின் பயிற்சி வகுப்புகளை வார நாள்களில் அலுவலகத்தில் நடத்தினால் வேலைக்குப் போகிறவர்கள் வர இயலாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் உதவித் தோட்டக்கலை அலுவலர் குடியிருப்புகளுக்கே வந்து, அங்குள்ள மாடியைப் பார்த்து ஆலோசனை சொல்லும் ஏற்பாட்டை, ஆடியைத் தவறவிட்டவர்களுக்கு உதவும் வகையில் தைப்பட்டத்துக்கு முன்பாவது தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நங்கநல்லூர், சென்னை.